பொதிகை அடிவாரமும் ஒரு கடலோடித் துறவியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில், என் பழைய மாணவர் ஒருவர் தென்காசியில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். முதுகில் சுமக்கும் ஒரே பையுடன் ஐந்து வாரங்கள் தென்கிழக்கு ஆசிய நகரங்களைச் சுற்றித் திரும்பியவர். பாங்காக், அயுத்தயா, சியம் ரீப், யோக்யகர்த்தா, கடைசியாகச் சுமத்ரா தீவின் பலெம்பாங். மலிவான விடுதிகளில் தங்கி, இரவுப் பேருந்துகளில் உறங்கி, வழியில் கண்ட பௌத்த ஆலயங்களையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். படங்களைக் காட்டிக்கொண்டே வந்தவர், நம் பக்கத்திலிருந்து பழங்காலத்தில் எவரேனும் இப்படிப் போயிருப்பார்களா என்று கேட்டார்.

போயிருக்கிறார் ஒருவர். அவர் போன காலத்தில் மாணவரின் படங்களில் இருந்த கோயில்களில் பல கட்டப்படவே இல்லை. போரோபுதூர் எழுவதற்கு இன்னும் இரண்டு தலைமுறைகளாவது இருந்தன. அங்கோர்வாட் எழுந்தது 12-ஆம் நூற்றாண்டில். அயுத்தயா நகரம் தோன்றியது 14-ஆம் நூற்றாண்டில். அவர் பெயர் வச்சிரபோதி. பிறந்தது கி.பி. 671, மறைந்தது 741 என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. சீனத்தில் மந்திர மார்க்க பௌத்தத்தை நிலைநாட்டிய மூவருள் ஒருவர். ஜப்பானில் ஷிங்கோன் பிரிவினர் தங்கள் குருமரபில் ஒருவராக அவரை இன்றும் வணங்குகின்றனர். தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் அவருக்கு இடமளித்தார். அதன்பின் ஆய்வாளர் வட்டத்துக்கு வெளியே அவரைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை.

அவரைப் பற்றி நாம் அறிவன யாவும் சீன மொழி ஏடுகளிலிருந்து வந்தவை. 988-இல் த்சான்னிங் என்னும் துறவி தொகுத்து முடித்த பெருந்துறவியர் வரலாற்றில், வச்சிரபோதி தென்னிந்தியாவின் மோ-லை-யே நாட்டவர் எனப்படுகிறார். அவலோகிதேசுவர போதிசத்துவரின் உறைவிடமான பொதலக மலையை ஒட்டியது அந்நாடு. அவர் தந்தை அந்தணர், பல கலைகளில் வல்லவர், காஞ்சி மன்னனின் ஆசான். மகன் சிறு வயதிலேயே நாள்தோறும் ஏராளமாக மனப்பாடம் செய்யும் ஆற்றல் கொண்டிருந்தான். பதினாறாம் அகவையில் சமண நூல்களைக் கற்பதில் மனம் செல்லாமல் பௌத்தத் துறவு பூண்டான் என்கிறது அந்த ஏடு. மோ-லை-யே என்பது மலையம் என்பதன் சீன ஒலிப்பு என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சந்தனத்துக்கும் தென்றலுக்கும் பெயர் பெற்ற மலையம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பகுதி.

பொதலகம் எது? 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், தெற்கே மலைய மலையையும் அதற்குக் கிழக்கே பொதலக மலையையும் குறிப்பிடுகிறார். அவர் அங்கெல்லாம் நேரில் போனவரல்லர்; காஞ்சியில் கேட்டறிந்து எழுதியவர். அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிக்கோசாக்கா தமிழகத்துப் பௌத்தம் பற்றிய தம் ஆய்வில் வாதிட்டார். அதற்குத் துணையாக நம்மிடமே ஒரு சான்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. அகத்தியர் இருந்த மலையும் அவலோகிதர் இருந்த மலையும் ஒன்றென்று நம்பிய ஒரு கூட்டம் தமிழகத்தில் வாழ்ந்திருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும். குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகி, தாமிரபரணியில் கலந்து, கொற்கையின் பக்கம் கடலைச் சேர்கிறது. தாமிரபரணி பிறக்கும் பொதிகை நமக்குத் தெற்கே, மேகம் விலகும் நாள்களில் கண்ணுக்கு எட்டும் தொடரில் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் நெஞ்சு நிமிரும்.

நிமிர்ந்த நெஞ்சோடு நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பிறகுதான் இன்னொரு ஏட்டைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. வச்சிரபோதியின் இல்லறச் சீடரும் தாங் அரசின் அலுவலருமான லூ சியாங் எழுதிய வரலாறு அது. 800-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட நூற்பட்டியல் ஒன்றில் காக்கப்பட்டுள்ளது. அதன்படி வச்சிரபோதி மத்திய இந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன். பத்து வயதில் நாளந்தாவில் துறவு பூண்டவர். தென்னிந்திய மன்னனின் தளபதியோடு சீனம் வந்ததால் அவரைத் தென்னிந்தியர் என்று அழைத்தனர் என்றும் அது விளக்குகிறது. த்சான்னிங் எழுதியது துறவி மறைந்து இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின். லூ சியாங்கோ அவரை நேரில் அறிந்தவர். நீதிமன்றத்தில் வைத்தால் எந்தச் சாட்சியம் கனமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறுபுறம், முந்தைய ஏடு எழுதப்பட்டதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. பௌத்த ஆசான்களுக்கு அரச குலப் பிறப்பைக் கற்பிப்பது அக்கால எழுத்தின் வழக்கம். சாக்கிய முனிவரே இளவரசர் அல்லவா? சமண நூல் பயிற்சியைத் துறந்தான் என்பது போன்ற செய்தியை வேண்டுமென்றே புனைவதற்கு ஒரு சீனத் துறவிக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? அக்காலத் தமிழகச் சூழலுக்கு அது அவ்வளவு பொருந்துகிறது. பொதிகை பாண்டியர் ஆட்சிப் பகுதியாக இருக்க, தந்தை பல்லவரின் ஆசானாக இருந்தது எப்படி என்ற முரணும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்வதே நேர்மை என்று இப்போது எண்ணுகிறேன். பிறப்பில் மாறுபடும் இரு ஏடுகளும், அவர் தென்னாட்டின் கடல்வழியே சீனம் போனார் என்பதில் மாறுபடவில்லை.

அவருடைய கல்வியைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாளந்தாவில் அடிப்படை, மேற்கு இந்தியாவில் தருக்கம், இருபதாம் வயதில் முழுத் துறவு, பின் ஆறாண்டுகள் விநய நூல்கள், கபிலவஸ்துவில் யோகாசாரம். முப்பத்தொன்றாம் வயதில் தெற்கே வந்து, நாகபோதி என்னும் ஆசானிடம் ஏழாண்டுகள் வச்சிரசேகர மரபைக் கற்றார். இன்றைய கணக்கில், நாற்பதை நெருங்கும் வரை மாணவராகவே இருந்திருக்கிறார்.

காஞ்சிபுரத்தில்தான் அவர் வாழ்க்கை வரலாற்றின் வெளிச்சத்துக்கு வருகிறது. மூன்றாண்டுகள் மழை பொய்த்த வேளையில் பல்லவ மன்னன் நரசிம்ம போதவர்மன் அவரை அழைத்து, அரண்மனையிலேயே வேள்விக் களம் அமைத்து மழை வேண்டச் செய்தான். இவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன், கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பரம சைவன். மழை பெய்ததாகவும், மகிழ்ந்த மன்னன் துறவிக்கு ஒரு விகாரை கட்டித் தந்ததாகவும் வரலாறு கூறுகிறது. மழை பற்றி நான் ஏதும் சொல்வதற்கில்லை. ஆனால் மூன்றாண்டு வறட்சி என்றால் ஏரி வற்றி, நெல் விளையாது, நிலவரி வராது, படைக்குப் படியளக்க முடியாது என்பது ஒரு பொருளியல் ஆசிரியனுக்கு உடனே தோன்றும். அத்தகைய நெருக்கடியில் மன்னன் சமயம் பார்க்கவில்லை. காஞ்சியின் வறட்சி நமக்குப் புதிதுமல்ல. மணிமேகலை அமுதசுரபியோடு சென்று பசி தீர்த்த ஊர் அதுவே. அதற்கு முன் அவள் சாவகத் தீவுக்கும் போய் வந்தவள். காப்பியத்தில் பெண் துறவி பறந்து சென்ற திசையில் சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஓர் ஆண் துறவி கப்பலேறினார்.

விகாரையில் மூன்றாண்டுகள் இருந்த பிறகு, நாட்டின் தெற்கே கடலோரத்தில் இருந்த அவலோகிதர் ஆலயம் ஒன்றுக்குச் சென்றார். அதன் வாயிலருகே பட்டுப்போன ஆலமரம் ஒன்று நின்றிருந்தது. ஏழு நாள் உண்ணாநோன்பிருந்து வலம் வந்தார், மரம் தளிர்த்தது, போதிசத்துவர் தோன்றி, இலங்கைக்குச் சென்று தந்ததாதுவையும் மலைமேல் உள்ள திருவடிச் சுவட்டையும் வணங்கிவிட்டுச் சீனம் செல்லுமாறு பணித்தார் என்பது கதை. சீடர் எண்மரோடு இலங்கை சென்று அனுராதபுரத்தின் அபயகிரி விகாரையில் அரையாண்டு தங்கினார். சிவனொளிபாத மலை ஏறினார். திரும்பி வந்து மன்னனிடம் விடைபெற்றார்.

மன்னன் அவரைத் தனியே அனுப்பவில்லை. தளபதி ஒருவரைத் துணை சேர்த்து, வடமொழிப் பிரஞ்ஞா பாரமிதை ஏட்டையும் பொன்னணிகளையும் வாசனைப் பொருள்களையும் சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். பல்லவ மன்னன் 720-இல் சீன அரசவைக்குத் தூது அனுப்பியதும், அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப் படையைத் தருவதாகச் சொன்னதும் தாங் அரசின் வரலாற்றில் பதிவாகியுள்ளன. துறவியின் பயணத்தை வெறும் புனித யாத்திரையாகப் பார்ப்பது எனக்கு ஒப்புதலில்லை. அந்தக் கப்பலில் பக்தியும் இருந்தது, வணிகமும் இருந்தது, வெளியுறவும் இருந்தது.

இலங்கைத் துறைமுகம் ஒன்றில் இரத்தினம் வாங்க வந்திருந்த 35 பாரசீகக் கப்பல்கள் அவர் பயணத்தோடு சேர்ந்துகொண்டன. இந்த எண்ணிக்கையை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். துறவி ஏன் வணிகக் கப்பலில் போகிறார் என்பது விளங்குகிறது. அவருக்கு வேறு வழியில்லை. வணிகர் ஏன் துறவியோடு போக விரும்பினர்? காப்பீடு இல்லாத காலம் அது. சரக்கின் மதிப்பு பெரிது. கடலின் ஆபத்தும் பெரிது. மந்திரம் அறிந்த மகான் ஒருவர் கப்பலில் இருப்பது அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புப் பத்திரம். துறவிக்கு வேண்டிய உணவையும் இடத்தையும் தருவது அதற்கான தவணை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆசியாவெங்கும் பௌத்தம் பரவியதற்குப் பின்னால் இருந்த கணக்கு பெரும்பாலும் இதுதான்.

ஒரு மாதம் கடலில் சென்று அவர் இறங்கிய இடம் ஸ்ரீவிஜயம். மாணவர் கடைசியாகச் சென்ற அதே பலெம்பாங். அந்நாட்டு மன்னன் பொற்குடையோடும் பொன் இருக்கையோடும் எதிர்கொண்டு வரவேற்றான். அங்கே ஐந்து மாதங்கள் தங்க நேர்ந்தது. காரணம் காற்று. பருவக்காற்று திரும்பும் வரை எந்தக் கப்பலும் நகராது. மாணவருக்கு விசா முப்பது நாள். வச்சிரபோதிக்குக் காற்று விதித்தது ஐந்து மாதம். இந்தக் கட்டாயக் காத்திருப்பே அந்தத் துறைமுக நகரங்களைக் கல்வி நகரங்களாக்கியது எனலாம். அவர் பிறந்த அதே 671-ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயத்தில் வந்திறங்கிய சீனத் துறவி இட்சிங், அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள் இருந்ததாகவும், இந்தியா செல்ல விரும்பும் சீனர் முதலில் அங்கே ஓரிரு ஆண்டுகள் தங்கிப் படிப்பது நல்லது என்றும் எழுதினார். பலெம்பாங் அருகே கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு 682-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது. காஞ்சியிலிருந்து வந்த துறவிக்கு அந்நகரில் மொழி புரியாவிட்டாலும் கல்லில் இருந்த எழுத்து கண்ணுக்குப் பழகியதாகத்தான் இருந்திருக்கும்.

சீன எல்லையை எட்ட இருபது நாள் இருக்கையில் பெரும்புயல் அடித்தது. முப்பதுக்கு மேற்பட்ட மற்ற கப்பல்கள் போன இடம் தெரியவில்லை. வச்சிரபோதி இருந்த கப்பல் மட்டும் தப்பியது. அவர் மந்திரம் ஓதியதால் என்பது ஏடு. மூழ்கிய கப்பல்களில் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எந்த ஏட்டிலும் இல்லை. இந்தப் பயணத்தில் வேறோர் இழப்பும் நேர்ந்ததாக அவர் மரபினர் கூறுவர். பாரம் குறைக்கக் கப்பல் தலைவன் எல்லாவற்றையும் கடலில் எறியச் சொன்னபோது, வச்சிரசேகரத்தின் விரிவான பெருநூலும் போய்விட்டது. சுருக்கமான படி மட்டுமே கையில் மிஞ்சியது. 719-இல் குவாங்சௌ துறைமுகத்தை அடைந்தார். அதிகாரிகள் சிறு படகுகளை அனுப்பி வரவேற்றனர். தொடங்கிய பயணம் முடிய ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

720 முதல் லோயாங், சாங்கான் ஆகிய இரு தலைநகரங்களிலும் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 723-இல் அந்தச் சுருக்க நூலை நான்கு பகுதிகளாகச் சீனத்தில் தந்தார். அதை வேண்டிப் பெற்றவர் யீ சிங் என்னும் துறவி. இவர் சீனத்தின் தலைசிறந்த கணித, வானியல் அறிஞர்களுள் ஒருவர். அங்கேயும் வறட்சி அவரைத் தேடி வந்தது. ஐந்து மாதம் மழையில்லாதபோது பேரரசர் சுவான்சோங் அவரிடம் மழை வேண்டச் சொன்னார். ஏழாம் நாள் அவர் வரைந்த உருவத்துக்குக் கண் திறந்ததும் வடமேற்கிலிருந்து காற்று எழுந்து, ஓடுகள் பறந்து, அவர் அமர்ந்திருந்த மண்டபத்தின் கூரையே பிளந்தது. துறவி பிடித்துவைத்த நாகம் கூரையைக் கிழித்துக்கொண்டு தப்பிவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டனர். ஓட்டையைப் பார்க்க நாள்தோறும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். மக்கள் எங்கும் மக்கள்தான்.

எனக்கு மழையைவிடப் பிடித்தது வேறொரு நிகழ்ச்சி. தாவோ நெறியில் நாட்டம் கொண்டிருந்த பேரரசரின் மனமறிந்து, அயல்நாட்டுத் துறவிகளையெல்லாம் அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிட அதிகாரிகள் ஆணை பெற்றனர். செய்தியைச் சீடர் சொன்னபோது, அந்த ஆணை எல்லைப்புற இனத்தாருக்கு. தாம் இந்தியத் துறவி, ஆகவே தமக்குப் பொருந்தாது என்று வச்சிரபோதி அமைதியாக விளக்கம் கொடுத்தார். சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொள்ளும் எந்த வழக்குரைஞரும் மெச்சும் விளக்கம்! ஆனால் சில நாள்களில் அவரே குதிரையேறி விடைபெறப் போய்விட்டார். பேரரசர் திடுக்கிட்டுத் தம் கையால் ஆணை எழுதி அவரை நிறுத்திக்கொண்டார். அயல்நாட்டில் இருபதாண்டு உழைத்தவருக்கும் இருப்புரிமை ஒரு தாளில் தொங்கியது என்பதை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் மாவட்டத்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

741-இல் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. வயது எழுபத்தொன்று. சாங்கானிலிருந்து புறப்பட்டு லோயாங் வரை வந்தார். அங்கே குவாங்ஃபூ ஆலயத்தில் நோயுற்று மறைந்தார். லோங்மென் குன்றுகளில், யீ ஆற்றின் மேற்கே உயரமான ஓரிடத்தில் அவருக்கு ஒரு தூபி எழுப்பினர். அவர் சேர எண்ணிய ஊர் காஞ்சியா, நாளந்தாவா, மலையமா என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

அவர் சீடர் அமோகவச்சிரர் ஆசான் மறைந்த அந்த ஆண்டிலேயே கப்பலேறி, ஆசான் வந்த வழியே இலங்கை வந்தார். விடுபட்ட நூல்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட ஏடுகளுடன் 746-இல் சீனம் திரும்பினார். அவருடைய சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் பயின்ற ஜப்பானியர் கூக்காய் 806-இல் நாடு திரும்பியபோது, லி ழென் என்னும் சீன ஓவியர் தீட்டிய ஐந்து ஆசான்களின் உருவப்படங்களைக் கொண்டு சென்றார். அவற்றுள் ஒன்று வச்சிரபோதி. கியோட்டோவின் தோஜி ஆலயத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. ஜப்பானியர் அவரைக் கொங்கோச்சி என்கின்றனர்.

மாணவர் விடைபெறும்போது, தென்காசியிலோ குற்றாலத்திலோ இந்தத் துறவியைப் பற்றிப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். குற்றாலத்தில் அரசு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அருவிக்கு வருவோர் மழைக்கு ஒதுங்கும்போதாவது உள்ளே போகிறார்கள். அங்கே வச்சிரபோதிக்கு ஒரு சுவர்ப்பலகை வைக்கலாம். இட்சிங் தங்கிய ஊரையும் அபயகிரியையும் லோயாங்கையும் காட்டும் ஒரு கடல்வழிப் படமும் போதும். செலவு பெரிதாக இராது. மலைய நாட்டு அந்தணர் மகன் என்று ஒரு வரியும், மத்திய இந்திய இளவரசர் என்று அடுத்த வரியும் அதில் இருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறைப்பதானால் அந்தப் பலகை வேண்டாம்.